கருணைக்குச் செய்முறைத் தேர்வு

உங்களுக்குக் கருணையில் பத்துக்கு எத்தனை மார்க் வரும் அக்கா?

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் கேட்கிறேன். ஏழு? எட்டு? யார் போட்டது அந்த எட்டு? பார்த்தீர்களா, பெரியவர்கள் யாராலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் டக்கென்று சொல்லுவார்கள். கருணை எட்டு, மகிழ்ச்சி ஆறரை, பொறுமை ஒன்பது. அந்த அரை மார்க் எங்கே போனது என்றுகூடச் சொல்லுவார்கள்.

மடியில் நீங்கள் வைத்திருக்கிற பையைப் பார்த்துத்தான் கேட்டேன். பொம்மை போட்ட பை. மகளுடையதா? ஜிப் போய்விட்டதா, தைக்கக் கொண்டுபோகிறீர்களா? சரி சரி. அப்படியானால் இது உங்களுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான். பஸ் நீங்கள் இறங்குகிற பெருந்துறைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

நான் நித்திலா. பல்கலைக்கழகத்தில் கல்வியியல் ஆராய்ச்சி. தொடக்கப்பள்ளிக் குழந்தையை முழுதாக வளர்க்கிற பாடத்திட்டம், அதுதான் என் தலைப்பு. முழுதாக என்றால்? நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நம்முடைய பள்ளிக்கூடங்களுக்குக் குழந்தை என்றால் ஒரு தலை, ஒரு வலது கை. தலை மனப்பாடம் செய்யும், கை எழுதும். மீதி உடம்பு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கும். வயிறு, கால், பயம், சிரிப்பு, பக்கத்துப் பிள்ளையோடு போடுகிற சண்டை, இதெல்லாம் எங்கே போகும்? வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டா வரும்? இதைத்தான் நான் கேட்டேன். என் வழிகாட்டிப் பேராசிரியர், "நித்திலா, நீ ஆராய்ச்சி பண்றியா, சண்டை போடறியா?" என்றார். இரண்டும் ஒன்றுதான் சார் என்றேன்.

எழுதினால் போதாது, ஒரு பள்ளியில் நடத்திக் காட்ட வேண்டும். அப்படித்தான் அத்தப்பனிடம் போனேன். பள்ளிக்கு முதலாளி. கரஸ்பாண்டன்ட் என்று கூப்பிட வேண்டும். அதற்கு முன் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போட்டவர். குறையாகச் சொல்லவில்லை, அதுவும் உழைப்புதான். ஆனால் எதைச் சொன்னாலும் எத்தனை அடி என்று கேட்டே பழகிய வாய்.

"அம்மணி, நம்ம பள்ளிக்கொடத்துல மார்க்குக்குக் கொறச்சலே இல்லீங்க. ஆனாப் பாருங்க, பக்கத்துல ஒருத்தன் நீச்சல் குளம் கட்டிப்போட்டான். உங்ககிட்ட என்ன புதுசுன்னு பெத்தவங்க கேக்கறாங்க. நீங்க சொல்ற இந்த முழுமை இருக்குதுங்களே, இதுக்குத் தண்ணியும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். செய்யலாமுங்க."

"ஒரே நிபந்தனை ஐயா. இதில் மார்க் கிடையாது. எனக்குச் சம்பளமும் வேண்டாம், குழந்தைகள் நன்றாக இருந்தால் போதும்."

"அட, அதுக்கென்னுங்க!"

இரண்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். ஒரு பருவம் முழுக்க வாரத்தில் பாதி நாள் பஸ் ஏறிப் போனேன். என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? அவரவர் தட்டை அவரவர் கழுவுவது. பட்டன் தைப்பது. சண்டை போட்ட இரண்டு பேர் மூலையில் உட்கார்ந்து, டீச்சர் இல்லாமல், தாங்களே பேசி முடித்துவிட்டு எழுந்து வருவது. எல்லாவற்றுக்கும் மேல், தினமும் காலையில் ஒரு வட்டம். அதற்குப் பெயர் 'பார்த்ததைச் சொல்'. வருகிற வழியில், வீட்டில், உன் கண்ணால் நீ பார்த்த ஒன்றைச் சொல். புத்தகத்தில் இருப்பது வேண்டாம், அம்மா சொல்லிக்கொடுத்தது வேண்டாம். சரி தப்பு கிடையாது. என் பாடத்திட்டத்தின் உயிரே அந்த வட்டம்தான் அக்கா.

அந்த வகுப்பில் தன்விகா என்று ஒருத்தி. அத்தப்பனின் பேத்தி. யெஸ் மிஸ், நோ மிஸ் தவிர வாயைத் திறக்காது. முதலாளி வீட்டுப் பிள்ளை என்று டீச்சர்களும் கிட்டே போக மாட்டார்கள். மூன்றாவது வாரமோ என்னவோ, வட்டத்தில் தானாக எழுந்து நின்று, "தாத்தா போன்ல பேசறப்போ சிரிக்கிறாரு, வெச்சதும் திட்டறாரு" என்றது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஒரு குழந்தை கண்ணைத் திறந்து பார்க்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? வகுப்பு டீச்சர் மைதிலி மிஸ்ஸுக்கு வியர்த்துவிட்டது. அன்றிலிருந்து தன்விகா கேட்டில் எனக்காக நின்றுகொண்டிருக்கும். என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டே வகுப்பு வரைக்கும் வரும். துப்பட்டா எல்லாம் கசங்கிப்போகும். இருந்தாலும் அதன் பேச்சை என் கட்டுரையில் மேற்கோளாகப் போட்டிருக்கிறேன். நல்ல தரவு.

பருவம் முடிந்தது. அடுத்த வருடம் பள்ளி முழுக்க இந்தத் திட்டம்தான் என்றார்கள். தொடக்க விழாவுக்கு வரச் சொன்னார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன் அக்கா, பைத்தியக்காரி மாதிரி.

வாசலில் ஃபிளெக்ஸ். 'முழுமைக் குழந்தை! இந்தியாவிலேயே முதன்முறையாக!' அத்தப்பன் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அவர் மருமகள், தன்விகாவின் அம்மா. 'பாடத்திட்டச் சிற்பி திருமதி ரேணுப்பிரியா.' சிற்பி! வீட்டுக்குத் திரைச்சீலை என்ன நிறம் என்று சொல்லித்தருகிற டிப்ளமா படித்த அம்மாள். என் பெயர் எங்கே என்று தேடினேன். இருந்தது. அடியில், பொடி எழுத்தில். 'நன்றி: பந்தல், மைக் செட், குமாரி நித்திலா.'

மைக் செட்டுக்கு அப்புறம் நான்.

நேரே அத்தப்பனிடம் போனேன். "இது யார் எழுதியது ஐயா?"

"எதுங்க அம்மணி?"

"இந்தப் பாடத்திட்டம்."

"நம்ம பள்ளிக்கொடத்துதுங்க."

"எழுதியது நான்."

"இல்லீன்னு யாருங்க சொன்னா? பேருல என்னங்க இருக்குது. கொழந்தைங்க நல்லாருந்தாப் போதும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. போங்க, போயி கேசரி சாப்பிடுங்க."

என் வார்த்தையை எடுத்து என் வாயிலேயே திணித்துவிட்டு, கேசரியும் சாப்பிடச் சொல்கிறார். அந்தக் கேசரியை நான் சாப்பிடவில்லை. அந்த மனுஷனை ஊர் பார்க்கத் தலைகுனிய வைக்காமல் ஓயப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நான் எழுதியது நான் எழுதியதுதான் என்று அந்தப் பள்ளியிலேயே, அந்த மைக்கிலேயே கேட்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம் எனக்கு.

பழி என்கிறீர்களா? நியாயத்துக்கு நம் ஊரில் வைத்திருக்கிற கெட்ட பெயர் அது.

அப்புறம் மார்க் வந்தது. வராமல் இருக்குமா? "மார்க்குப் போடலீனா கருணை எத்தன அடியில நிக்குதுன்னு பெத்தவங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கூட்டத்தில் அத்தப்பன் கேட்டாராம். மகிழ்ச்சிக்குப் பத்து, பொறுமைக்குப் பத்து, கருணைக்குப் பத்து. ஒரு அப்பா வந்து, "பொறுமைக்கு டியூஷன் இருக்குங்களா, சீக்கிரம் வர்ற மாதிரி?" என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், போன பருவம் மகிழ்ச்சியில் எட்டு வாங்கின மகன் இப்போது ஆறு என்று பெல்ட்டால் அடித்திருக்கிறார். சந்தோஷமாக இல்லை என்று அடி! மைதிலி மிஸ் போனில் சொல்லச் சொல்ல எனக்கு ரத்தம் கொதித்தது. கூடவே, பொய் சொல்லக் கூடாது, கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது. நன்றாக நாறட்டும் என்று.

அந்த நேரத்தில்தான் அத்தப்பனே கூப்பிட்டார். ஆண்டு விழாவில் கருணைக்குச் செய்முறைத் தேர்வாம். பெற்றோர் முன்னால், மேடையில். கெமிஸ்ட்ரி பிராக்டிகலுக்கு வருகிற மாதிரி வெளியிலிருந்து ஒரு எக்ஸாமினர் வேண்டுமாம்.

"யுனிவர்சிட்டி ஆளு வந்து மார்க்குச் சொன்னா ஒரு நம்பிக்கைங்க. பழசை மனசுல வெச்சுக்காதீங்க அம்மணி."

"பழசா? என்ன பழசு ஐயா? நான் மறந்தே போய்விட்டேனே" என்றேன். தேன் மாதிரிப் பேசினேன். எனக்கே ஆச்சரியம்.

விழா அன்று கேட்டில் தன்விகா நின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டது. "மிஸ், நான் ஒண்ணு பாத்தேன். சொல்லட்டுமா? வட்டம் இப்பல்லாம் இல்லை மிஸ், அதான் உங்ககிட்ட சொல்றேன்" என்றது. சொன்னது. என்ன என்று பின்னால் சொல்கிறேன். கேட்டதும் எனக்கு ஆத்திரம் வரவில்லை, ஆனந்தம்தான் வந்தது. நான் எறிய ஒரு கல்லோடு வந்தால், குழந்தை இன்னொரு கல்லைக் கையில் கொடுக்கிறது!

தேர்வு எப்படி என்றால், சம்யுக்தா என்று ஒரு குழந்தை. அதற்குப் பசிக்கிற வேஷம். மேடையில் காலி டப்பாவோடு உட்கார்ந்து, "ஐயோ, சாப்பாடு மறந்துட்டேனே" என்று அழ வேண்டும். ஒவ்வொரு குழந்தையாக வந்து, தன் டப்பாவைத் திறந்து, பாதியை எடுத்து, "எடுத்துக்கோ ஃப்ரெண்ட்" என்று ஊட்டிவிட வேண்டும். மைதிலி மிஸ் ஒரு மாதமாகப் பழக்கியிருந்தார். திற, எடு, சிரி, ஊட்டு. சிரிக்க மறந்தால் ஒரு மார்க் போச்சு.

பசிக்கு ஒரே ஆள்தான் அக்கா, மாற்றவே இல்லை. எவ்வளவு நேரம் அழகாக வாயைத் திறக்கும் அந்தக் குழந்தை? இட்லி போகிறது, எலுமிச்சை சாதம் போகிறது, கட்லெட், பூரி, பிஸ்கட், மறுபடி இட்லி. கன்னம் இரண்டும் உப்பிவிட்டது. கண்ணில் தண்ணீர். 'என்ன தத்ரூபமா அழுகுது பாருங்க' என்று பக்கத்தில் ஒரு அம்மா மெச்சுகிறார். நான் மைக்கில் மார்க் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஒன்பது. ஒன்பதரை. எட்டு. பத்து. எனக்கு அவர்களோடெல்லாம் என்ன பகை?

கடைசியில் தன்விகா. அப்படித்தான் வைத்திருந்தார் அத்தப்பன். "பேத்திக்குப் பத்துக்குப் பத்துன்னு சொல்லி முடிச்சீங்கன்னா, அப்படியே கப்பு குடுத்தறலாமுங்க" என்று காதில் சொல்லியிருந்தார். கோப்பை மேசையில் தயாராக இருந்தது. அதில் பெயர்கூட வெட்டியாகிவிட்டது.

தன்விகா வந்தது. சம்யுக்தாவை உற்றுப் பார்த்தது. டப்பாவைத் திறக்கவே இல்லை. கீழே வைத்துவிட்டது. "மிஸ், அவளுக்குப் பசிக்கலை. வயிறு வலிக்குது" என்றது. பிறகு திறக்காத டப்பாவை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் வாட்டர் பாட்டிலை எடுத்து வந்து, சம்யுக்தாவின் முதுகைத் தடவிக்கொண்டே குடிக்கக் கொடுத்தது.

அரங்கத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அத்தனை பேரில் என் பாடத்திட்டம் உண்மையிலேயே யாருக்குள் இறங்கியிருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அந்த நிமிஷம் அவ்வளவு பெருமையாக இருந்தது அக்கா.

மைக்கை எடுத்தேன். "தன்விகா. கருணை. பத்துக்குச் சைபர்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தப்பன் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்தார். "மேடம் தமாஷ் பண்றாங்க."

"தமாஷ் இல்லை ஐயா. விதி என்ன? திற, எடு, சிரி, ஊட்டு. உங்கள் பேத்தி டப்பாவையே திறக்கவில்லை. விதி நான் போட்டதில்லையே, உங்கள் பாடத்திட்டச் சிற்பி போட்டதுதானே?"

முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! ரேணுப்பிரியா கோப்பையை மேசைக்குப் பின்னால் நகர்த்துகிறார். பெயர் வெட்டின பக்கத்தைத் திருப்பி வைக்கிறார்.

துப்பட்டாவை யாரோ இழுத்தார்கள். தன்விகாதான். "மிஸ், அவளுக்கு நெஜமாவே வலிக்குது. நான் பாத்தேன். பாத்ததைத்தான சொன்னேன்?"

"ஆமாண்டா கண்ணு. காலையில் கேட்டில் ஒண்ணு சொன்னியே, அதுவும் பார்த்ததுதானே? இதுல சொல்லு." மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிப் பிடித்து மண்டிபோட்டு உட்கார்ந்தேன். குழந்தையின் உயரத்துக்குப் பெரியவர்கள் இறங்க வேண்டும் என்பது என் பாடத்திட்டத்தின் முதல் கொள்கை.

அது மைக்கைப் பார்த்தது. தாத்தாவைப் பார்த்தது. என் காதுக்கு வந்து, "சொன்னா சைபர் போயிருமா மிஸ்?" என்று கேட்டது.

நான் வாக்குக் கொடுக்கவில்லை. லேசாகத் தலையசைத்தேன், அவ்வளவுதான்.

சொன்னது அக்கா. கணீரென்று சொன்னது. "இந்தப் பாடமெல்லாம் நித்திலா மிஸ்தான் எழுதினாங்க. தாத்தா அதை அம்மா பேர்ல போட்டுட்டாரு. அம்மா, மாட்டிக்குவோம் மாமான்னு சொன்னாங்க. தாத்தா, அந்தப் புள்ளை என்ன பண்ணிப்போடும்னு சொன்னாரு. நான் பாத்தேன்."

என் பெயர்! பந்தல், மைக் செட் எல்லாவற்றையும் தாண்டி, அந்த ஹால் முழுக்க என் பெயர். பெற்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். வக்கீலை வைத்து வாதாடியிருந்தால்கூட இப்படி ஒரு சாட்சி கிடைத்திருக்குமா?

அத்தப்பன் மேடைக்கு நடுவில் வந்து அறைந்தார். என்னையா? என்னை அறைவாரா? தன்விகாவை. ஓங்கி ஒரு அறை. மைக் ஆனில் இருந்ததால் சத்தம் ஹாலுக்கு வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். ஃபிளெக்ஸில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற அதே கை. கருணைக்கு மார்க் போடுகிற பள்ளியின் முதலாளி, அத்தனை பெற்றோர் முன்னால்! இனி அந்த மனுஷன் வாயைத் திறந்து குழந்தை என்ற வார்த்தையைச் சொல்ல முடியுமா? முடிந்தது கதை. நான் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.

மைதிலி மிஸ் ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்து, "நல்லா இருப்பீங்களா மேடம்?" என்றார். என்னை! அறைந்தவரைக் கேட்கத் துப்பில்லை, என்னைக் கேட்கிறார். சம்பளம் கொடுக்கிறவரைக் கேட்க முடியாது இல்லையா. இப்படிப்பட்ட டீச்சர்களை வைத்துக்கொண்டு எந்தப் பாடத்திட்டம் உருப்படும், நீங்களே சொல்லுங்கள்.

சைபரை மாற்றவில்லை. எப்படி மாற்ற முடியும்? அழுகிறது என்பதற்காக மார்க்கை மாற்றினால் என் மதிப்பீட்டுக்கு என்ன மதிப்பு?

ஒரே ஒரு வருத்தம்தான் எனக்கு. அத்தனை போன் இருந்தது அந்த ஹாலில். எல்லாரும் அவரவர் குழந்தையை மட்டும்தான் எடுத்தார்கள். அந்த அறை ஒருத்தர் போனிலும் இல்லை. எவ்வளவு கேட்டுப் பார்த்தேன் தெரியுமா? இருந்திருந்தால் நாடு முழுக்கப் பார்த்திருக்கும்.

மறு வாரமே திட்டத்தை நிறுத்திவிட்டார்களாம். வட்டம் கிடையாது, பட்டன் கிடையாது, சண்டை மூலையில் ஷூ ரேக் வைத்துவிட்டார்களாம். அபாகஸ் வருகிறதாம். போகட்டும். நான் பெற்றதுதான், எனக்கு வலிக்காதா? ஆனால் அது அந்த ஆள் பெயரில் வாழ்வதைவிடச் செத்துப்போனதே மேல்.

என்ன கேட்டீர்கள்? எந்தக் குழந்தை?

ஓ, தன்விகாவா. பள்ளி வேன் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறதாம். யாரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை, விசாரித்தால் குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொள்வார்கள் பாருங்கள். பெருந்துறை வரப்போகிறது, ஒரு யோசனை மட்டும் சொல்லிவிட்டு இறங்குங்கள் அக்கா. நாளைக்குக் கோயம்புத்தூரில் கருத்தரங்கு, இதைத்தான் படிக்கப் போகிறேன். 'குழந்தையை மையமாகக் கொண்ட கல்வி' என்று தலைப்பு. அந்தப் பள்ளியின் பெயரை முதல் ஸ்லைடிலேயே போட்டுவிடலாமா, இல்லை, எல்லாரும் கைதட்டுகிற நேரம் பார்த்துக் கடைசியில் போடட்டுமா? எதில் அந்த ஆளுக்கு அதிகமாக வலிக்கும்?